உயிரணு கோர்ட்டுக்கு வந்த கதை



வழக்கமாக உரம், விதை, பூச்சிமருந்து என்று பேசுகிறவன் இன்றைக்கு ஒரு கொலை வழக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேனே என்று நினைக்காதீர்கள். விதைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. போகப் போகத் தெரியும்.

சென்னைக்கு வடக்கே கடலோரமாக ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வரிசையாக ஊர்கள் இருக்கின்றன. இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் துறைமுகமும் ஆலைகளும்தான் கண்ணிலே படும். 1952ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதக் கடைசியிலே அந்த ராயபுரத்தின் பெயர் தமிழ்நாடு முழுக்க அடிபட்டது. சைனா பஜாரிலே வியாபாரம் செய்துவந்த ஆளவந்தார் என்பவரைக் காணோம். அதே சமயம், எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகிற போட் மெயிலிலே ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து துர்நாற்றம் வருகிறது என்று மானாமதுரையிலே இறக்கிப் பார்த்தார்கள். உள்ளே தலையில்லாத உடல்! கொஞ்ச நாளிலே ராயபுரம் கடற்கரையிலே ஒரு தலை கிடைத்தது.

இந்த உடலும் அந்தத் தலையும் ஒரே ஆளுடையவைதானா? அந்த ஆள் ஆளவந்தார்தானா? கேள்வி கேட்பது சுலபம், பதில் சொல்ல அன்றைக்கு என்ன இருந்தது? மானாமதுரைப் பக்கத்திலே முதலில் பார்த்தவர்கள் 25 வயது ஆள் என்று கணித்தார்கள். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியிலே டாக்டர் கோபாலகிருஷ்ணன் மறுபடி பரிசோதித்து, நாற்பதைத் தாண்டியவர் என்று கண்டுபிடித்தார். காதிலே இருந்த துளைகளையும் பல்வரிசையையும் வைத்துத் தலையை வீட்டார் அடையாளம் சொன்னார்கள். உடலின் கைரேகைதான் பெரிய உதவி செய்தது. ஆளவந்தார் யுத்த காலத்திலே பட்டாளத்து வேலையிலே இருந்தவர். அங்கே பதிவாகியிருந்த ரேகையோடு இது ஒத்துப்போனது. பத்திர ஆபீசிலே நாம் வைக்கிறோமே கைநாட்டு, அதே சங்கதிதான்.

வழக்கு 1953இலே சென்னை உயர் நீதிமன்றத்திலே நடந்தது. அப்போதெல்லாம் ஜூரி முறை. ஏ.எஸ்.பி. அய்யர் நீதிபதி. ராயபுரத்திலே குடியிருந்த தம்பதிக்குத் தண்டனை கிடைத்தது: கணவனுக்கு 7 வருஷம், மனைவிக்கு 3 வருஷம். வழக்கைப் பார்க்க அன்றைக்குக் கூடிய கூட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதைவிட ஆச்சரியமாக இருப்பது வேறு ஒன்று. அதே 1953, ஏப்ரல் மாதத்திலே, இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜிலே வாட்சன், கிரிக் என்ற இருவர் டி.என்.ஏ. என்ற பொருள் முறுக்கின இரட்டைச் சரடு மாதிரி இருக்கிறது என்று எழுதினார்கள். ரோசலிண்ட் பிராங்ளின் என்ற அம்மையாரின் ஆய்வகத்திலே எடுத்த எக்ஸ்ரே படம் அதற்குப் பெரிய துணை. ராயபுரம் தலைக்கும் மானாமதுரை உடலுக்கும் ஒரே நாளிலே முடிச்சுப் போட்டிருக்கக்கூடிய சாமர்த்தியம் அந்தச் சரடிலேதான் இருந்தது. ஆனால் அது கோர்ட்டு வாசலுக்கு வர இன்னும் முப்பது வருஷத்துக்கு மேலே ஆயிற்று.

சரடு என்றேனே, அது எங்கே இருக்கிறது? நம் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு அணுவுக்கும் நடுவிலே ஒரு உட்கரு. அதற்குள்ளே 46 குரோமோசோம்கள். 23 அம்மா கொடுத்தது, 23 அப்பா கொடுத்தது. டி.என்.ஏ. அவற்றிலே சுருண்டு கிடக்கிறது. ரத்தத்தைச் சோதிக்கிறார்கள் என்று சொல்கிறோம். ஆனால் ரத்தத்தின் சிவப்பணுவிலே உட்கருவே கிடையாது. வெள்ளையணுவிலிருந்துதான் டி.என்.ஏ. எடுக்கிறார்கள். பல்லிலே இருக்கும், எலும்பிலே இருக்கும், முடியின் வேரிலே இருக்கும்.

நெல் வயலிலே எல்லாப் பயிரும் நெல்தானே? இருந்தாலும் கதிர் வரும்போது கலவன் தனியாகத் தெரிகிறதல்லவா? மனிதருக்கு மனிதர் டி.என்.ஏ. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேலே ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் மிச்சம் இருக்கிற துளியிலே. சில இடங்களிலே ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும். எனக்கு ஒரு இடத்திலே பன்னிரண்டு தடவை வந்தால் உங்களுக்குப் பதினைந்து தடவை வரும். இப்படிப் பல இடங்களை எண்ணிப் பார்த்தால், அத்தனையிலும் ஒத்துப்போகிற இன்னொரு ஆளைக் காண்பது அரிது. ஒரே கருவிலே பிரிந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்கு டி.என்.ஏ. ஒன்றாகவே இருக்கும், ஆனால் கைரேகை வேறுபடும். பழையது உதவாது என்று தள்ளிவிட முடிகிறதா, பாருங்கள். விதை இனத்தின் தூய்மையைப் பார்க்கவும் ஆய்வுக்கூடங்களிலே இதே வித்தையைத்தான் கையாளுகிறார்கள்.

இந்த வித்தியாசத்தை அடையாளமாக்கலாம் என்று 1984இலே கண்டவர் இங்கிலாந்திலே லெஸ்டர் பல்கலைக்கழகத்து அலெக் ஜெப்ரீஸ். அந்தப் பக்கத்துக் கிராமங்களிலே 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொலையானார்கள். ஒரு பதினேழு வயதுப் பையன் இரண்டாவது கொலையை நான்தான் செய்தேன் என்று போலீசிலே ஒப்புக்கொண்டான். ஜெப்ரீஸ் சோதித்துப் பார்த்தார். இரண்டையும் செய்தவன் ஒரே ஆள், அந்த ஆள் இந்தப் பையன் இல்லை! பிறகு சுற்றுவட்டாரத்திலே சுமார் ஐயாயிரம் ஆண்களிடம் ரத்தமும் எச்சிலும் வாங்கினார்கள். உண்மைக் குற்றவாளி தனக்குப் பதிலாக வேறொருவனை ரத்தம் கொடுக்க அனுப்பினான். அது வெளியே வந்து, 1988இலே தண்டனை அடைந்தான். இந்தச் சோதனை கொலை வழக்கிலே முதல் முதலாகச் செய்த காரியம், குற்றமற்ற ஒருவனை விடுவித்ததுதான். வாய் பொய்யாக ஒப்புக்கொண்டதை ரத்தம் மறுத்தது.

நம் நாட்டிலே இதைக் கொண்டுவந்தவர் லால்ஜி சிங். உத்தரப் பிரதேசத்திலே ஜவுன்பூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்திலே பிறந்தவர். ஹைதராபாத்திலே உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்திலே வேலை பார்த்தார். பாம்பிலே ஆண், பெண் எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், பட்டை போட்ட ஒரு கட்டுவிரியன் இனத்துப் பாம்பின் டி.என்.ஏ.யிலே திரும்பத் திரும்ப வரும் ஒரு கோவையைக் கண்டார். அதையே கருவியாக வைத்து மனிதரை அடையாளம் காணலாம் என்று 1988 வாக்கிலே காட்டினார். வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று ஆயிற்று. கேரளத்திலே தலச்சேரி கோர்ட்டிலே ஒரு குழந்தையின் தகப்பன் யார் என்ற வழக்கு, இந்தியாவிலே இந்தச் சாட்சி ஏறிய முதல் வழக்குகளிலே ஒன்று. 1991 மே 21இலே ஸ்ரீபெரும்புதூரிலே ராஜீவ் காந்தி கொலையானபோது, சிதறிய உடல்களை அடையாளம் காணும் வேலையிலே ஹைதராபாத் சோதனையும் பயன்பட்டது.

இனி சட்டத்துக்கு வருவோம். கிராமத்திலே ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், கேசுன்னு கூட்டிட்டுப் போய் ரத்தம் குடுன்னா குடுத்துத்தான் ஆகணுமா?" நல்ல கேள்வி. அரசியல் சட்டத்தின் 20வது பிரிவு, 3வது உட்பிரிவு என்ன சொல்கிறது என்றால், குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சியாக இருக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்து 1872ஆம் வருஷச் சாட்சியச் சட்டமும் போலீசாரிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றத்துக்குச் சாட்சியாக வைக்கக் கூடாது என்றது. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் வருஷச் சட்டத்திலும் அந்த விதி நிற்கிறது. ஏன் என்று கேட்க வேண்டாம். அடித்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள்.

அப்படியானால் கைரேகை கொடு என்பதும் கட்டாயச் சாட்சிதானே? 1954இலே எட்டு நீதிபதிகள் ஒரு வழக்கிலே கொஞ்சம் விரிவாகவே பொருள் சொல்லியிருந்தார்கள். அதைத் தெளிவாக்க 1961இலே பதினோரு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். பம்பாய் மாநிலம் எதிர் காத்தி காலு ஒகத் என்று வழக்கின் பெயர். அவர்கள் போட்ட வரப்பு இதுதான்: மனதிலே உள்ளதைச் சொல்லு என்று கட்டாயப்படுத்துவது தவறு. கைரேகை, கையெழுத்து மாதிரி கேட்பது தவறில்லை. ரேகை ஆளின் இஷ்டத்துக்கு மாறாது. அதுவாகக் குற்றத்தைச் சொல்லுவதுமில்லை, வேறொன்றோடு ஒப்பிடத்தான் உதவும். டி.என்.ஏ. பிற்காலத்திலே வந்தபோது அதுவும் வரப்பின் இந்தப் பக்கமே விழுந்தது. 2005ஆம் வருஷத் திருத்தத்திலே டி.என்.ஏ. சோதனையைச் சட்டத்திலேயே பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலிலே உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்திலே அது 51வது பிரிவு.

ஆகவே அந்த நண்பருக்கு நான் சொன்ன பதில்: சோதனையிலே சாட்சி கிடைக்கும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், கைதானவரிடமிருந்து ரத்தம் எடுக்கலாம், மறுத்தால் தேவையான அளவு பலத்தையும் உபயோகிக்கலாம். ஆனால் எடுக்கிறவர் பதிவு பெற்ற டாக்டராக இருக்க வேண்டும். ஸ்டேஷனிலே ஏட்டு ஊசி குத்த முடியாது. பெண்ணாக இருந்தால் பெண் டாக்டர் செய்ய வேண்டும், இல்லையென்றால் பெண் டாக்டரின் மேற்பார்வையிலே நடக்க வேண்டும்.

ரத்தத்தை எடுத்தார்கள், சரி. மனதையே எடுக்கப் பார்த்தார்களே, அதுதான் வம்பு. 2000க்குப் பிறகு சில வருஷம் நார்கோ சோதனை என்று பத்திரிகையெல்லாம் பேச்சு. பென்டத்தால் மருந்தை ஏற்றி, அரை மயக்கத்திலே கேள்வி கேட்பது. மூளையின் மின் அலையைப் படிப்பது, பொய் காட்டும் கருவி என்று கூடவே இன்னும் இரண்டு. செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கிலே 2010 மே 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மூன்றையும் நிறுத்தியது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் இவற்றைச் செய்யக் கூடாது. சம்மதித்துச் செய்தாலும் மயக்கத்திலே சொன்ன சொல் அப்படியே சாட்சி ஆகாது. விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையிலே எனக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பச் சரியென்று படுகிறது. மயக்கத்திலே மனிதன் உண்மையும் பேசுவான், கனவும் பேசுவான். அணு அப்படி இல்லை.

அணு பொய் சொல்லாது. ஆனால் அதை எடுத்துக் கொண்டு போகிறவர்கள் கெடுத்துவிடலாம். விதைக் கடையிலே விதை ஆய்வாளர் மாதிரி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1966ஆம் வருஷ விதைச் சட்டப்படி மாதிரியைப் பிரித்து, சீல் வைத்து, ஒன்றைக் கடைக்காரரிடம் கொடுத்து, ஒன்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, மிச்சத்தைக் கையிலே வைத்துக்கொள்வார். நாளைக்கு, இது என் கடைச் சரக்கே இல்லை என்று சொன்னால் என்ன செய்வது? அதற்குத்தான் அத்தனை ஏற்பாடு. ஒரு மூட்டை விதைக்கு இவ்வளவு பத்திரம் என்றால் ஒரு மனிதனின் கழுத்துக்கு எவ்வளவு வேண்டும்! அதுவும் இப்போது பி.சி.ஆர். என்ற முறையிலே கண்ணுக்குத் தெரியாத துளியையும் பல லட்சம் மடங்கு பெருக்கிப் பார்க்கிறார்கள். மாதிரியிலே வேறு ஆளின் துளி ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து பெருகும்.

இது வெறும் பேச்சு இல்லை. தேனி மாவட்டத்திலே சுருளி அருவிப் பக்கம் 2011இலே ஒரு இளம் ஜோடி கொலையானார்கள். கைதானவருக்குக் கீழ்க் கோர்ட்டு மரண தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. வழக்கிலே டி.என்.ஏ. பெரிய சாட்சி. 2025 ஜூலை 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மாதிரிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதிலே தாமதம் நடந்திருந்தது, அதற்குச் சரியான காரணம் சொல்ல முடியவில்லை, கலப்படம் ஆகவில்லை என்று உறுதி செய்யவும் முடியவில்லை. செத்த இருவருக்கும் நியாயம் கிடைக்கவில்லை, தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்தவருக்குப் போன வருஷங்களும் திரும்பி வரப்போவதில்லை.

அந்தத் தீர்ப்பிலேயே நாடு முழுவதற்கும் ஒழுங்கு வகுத்துக் கொடுத்தார்கள். எடுத்த மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் காரணம் எழுத வேண்டும். வழக்கு நடக்கும்போது கோர்ட்டு அனுமதி இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. எடுத்த நிமிஷத்திலிருந்து வழக்கு முடிகிறவரை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று ஒரு பதிவேடு இருக்க வேண்டும். உங்கள் உறவுக்காரர் யாராவது வழக்கிலே மாட்டியிருந்தால், வக்கீலிடம் முதலில் இந்தப் பதிவேட்டைப் பற்றிக் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் தாலுகா கோர்ட்டிலே உள்ள சட்டப் பணிகள் குழுவிலே இலவசமாக அமர்த்திக் கொடுப்பார்கள்.

இன்னும் ஒரு சட்டம் பாக்கி. 2022இலே வந்த குற்ற நடைமுறை அடையாளச் சட்டப்படி, எடுத்த ரேகையையும் மாதிரி விவரத்தையும் 75 வருஷம் வரை அரசாங்கம் பாதுகாத்து வைக்கலாம். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமாகவோ ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றமாகவோ இல்லாவிட்டால், இந்தச் சட்டத்தின் கீழே ரத்தம் போன்ற உடல் மாதிரியைக் கொடுக்க மறுக்கலாம். இதற்கு முன்னால் தண்டனை அடையாத ஒருவர் வழக்கிலிருந்து முழுதாக விடுதலையாகிவிட்டால், கோர்ட்டு வேறு மாதிரி உத்தரவு போடாத வரை, அவருடைய விவரத்தை அழித்துவிட வேண்டும். அழித்தார்களா என்று எழுதிக் கேட்டு, பதிலை வாங்கிப் பத்திரத்தோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.