எதை மாற்றுவது, எதை விடுவது? – யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் சொல்லும் வரலாறு

அண்மையில் உறவுக்காரப் பையன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு நீங்கியபோதும், வரிகளைக் கூட்டிப் பார்த்தால் புதிய காரை நினைக்கவும் முடியாது. ஆகவே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய யப்பான் கார் ஒன்றை வாங்கியிருந்தான். கையில் கராஜ் ஒன்றில் எழுதிக்கொடுத்த பட்டியல். எஞ்சினில் மாற்ற வேண்டியவை என்று பதினான்கு உருப்படிகள். அவனிடம் இருந்த பணமோ அவற்றில் மூன்றுக்குத்தான் போதும்.

"மாமா, இதில எதை மாத்திறது, எதை விடுறது?" என்று கேட்டான்.

நான் மெக்கானிக் அல்லன். செய்தி எழுதிப் பிழைத்தவன். ஆயினும் இந்தக் கேள்வி எனக்குப் புதியதன்று. யாழ்ப்பாணக் குடாநாடு ஐந்தாண்டு காலம் இதே கேள்வியோடு வாழ்ந்தது.

யாழ்ப்பாணத்தின் பழைய கார்கள் என்றதும் நினைவுக்கு வருபவை ஒஸ்ரினும் மொறிஸும்தான். ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற் 1952 முதல் 1954 வரைதான் தயாரிக்கப்பட்டது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்து 1970களின் தொடக்கம் வரை நீடித்தது. ஆசிரியர்களும் வைத்தியர்களும் புகையிலை வியாபாரிகளும் வாங்கிய இந்தக் கார்கள், பின்னர் கலியாண வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடும் வாடகைக் கார்களாயின.

இவை நெடுங்காலம் நிலைத்தமைக்குத் தரம் மட்டும் காரணமன்று. 1960களின் முற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த காரைப் பேணுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. இன்னொரு வசதியும் இருந்தது. 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே நிறுவனமாக இணைந்தன. அதன் பயனாக ஒஸ்ரின் ஏ-30இன் எஞ்சினே மொறிஸ் மைனருக்கும் வந்தது. ஒரு வண்டி செத்தால் அதன் பாகங்கள் மற்ற வண்டிகளுக்கு உதவின.

எஞ்சினைப் புதுப்பித்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. சிலிண்டர் தேய்ந்தால் அதைக் கடைந்து பெரிதாக்கி, சற்றே பருத்த பிஸ்டனைப் போடுவார்கள். வழக்கமாக இது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்று நான்கு படிகளில் நடக்கும். எத்தனையாவது படி என்பது பிஸ்டனின் தலையில் பொறிக்கப்பட்டிருக்கும். ஏறிய படியிலிருந்து இறங்க முடியாது. நான்காவதும் முடிந்தால் உள்ளே குழல் அடித்துச் சிலிண்டரைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு நல்ல பட்டறை வேண்டும். ஆகவே, "இப்போதே கடைவதா, இன்னும் சிறிது காலம் ஓட்டுவதா?" என்பது வெறும் செலவுக் கணக்கன்று, மிஞ்சியிருக்கும் ஆயுளில் ஒரு பங்கைச் செலவழிக்கும் தீர்மானம்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து ஆகியவற்றோடு வாகன உதிரிப்பாகங்களும் தடைப்பட்டியலில் இருந்தன. மின்சாரமும் நின்றது. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெயே விளக்குக்கும், அடுப்புக்கும், தோட்டத்து நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும், இறுதியில் காருக்கும் ஆதாரமாயிற்று.

பழைய எஞ்சின்களின் பலவீனமே அப்போது பலமானது. சோமர்செற்றின் அமுக்க விகிதம் 7.2 மட்டுமே. இன்றைய பெற்றோல் கார்களில் அது பெரும்பாலும் பத்தை அண்மித்தோ தாண்டியோ நிற்கிறது. அமுக்கம் குறைவாக இருந்தமையால் மண்ணெண்ணெயை அந்த எஞ்சின் ஒருவாறு சகித்துக்கொண்டது. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்வார்கள். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெங்கும் வெண்புகையும் அந்த மணமும் நிறைந்திருந்ததை அக்காலத்தில் அங்கு வாழ்ந்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு எஞ்சின் கொடுத்த விலை பெரிது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலிருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயோடு கலந்தது. சாதாரணமாக எண்ணெய் மட்டம் குறைந்தால்தான் பயப்படுவோம். அந்நாட்களில் மட்டம் கூடினால் பயந்தோம். எண்ணெய்க் கோலை இழுத்து, இரு விரல்களுக்கிடையில் தேய்த்து, முகர்ந்து பார்ப்பது நாளாந்தக் கடமையாயிற்று. எண்ணெய் நீர்த்தால் பெயாரிங்குகள் தேயும். வால்வுகளிலும் பிளக்குகளிலும் கரி படியும். எல்லாம் ஒருமிக்கத் தேயும் வேளையில், மாற்றுவதற்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோதான்.

என் தந்தையார் ஆசிரியர். எங்களிடம் ஒரு சோமர்செற் இருந்தது. 1995 புரட்டாதியில் அது புகை கக்கியது. ஏற்றத்தில் இழுக்க மறுத்தது. கிளாலிக் கடல்நீரேரியூடாக வந்த ஒருவரின் பைக்குள் பிஸ்டன் ரிங் ஒரு செற் கிடைக்கும் என்று அறிந்து, தந்தையார் அதற்குப் பணம் சேர்த்திருந்தார். எங்கள் ஊர்க் கராஜ்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். காற்றாடியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். பின்னர் சொன்னார்:

"மாஸ்ரர், ரிங்கை விடுங்கோ. தண்ணிப் பம்பை மாத்துவம். புகை கண்ணுக்குத் தெரியும், பாத்துப் பாத்து ஓடலாம். பம்ப் சொல்லிப்போட்டுப் போகாது. போனால் ஹெட்டையும் கொண்டு போகும்."

தந்தையாருக்கு மனமில்லை. கண்ணுக்குத் தெரிந்த நோய் புகைதானே! கராஜ்காரர் இன்னொரு காரணமும் சொன்னார். தேய்ந்த சிலிண்டரின் உச்சியில், ரிங் எட்டாத இடத்தில் ஒரு விளிம்பு எஞ்சி நிற்கும். கடையாமல் புதிய ரிங்கைப் போட்டால் அது அந்த விளிம்பில் மோதி உடையும். ஈற்றில் தந்தையார் இணங்கினார். சேர்த்த பணத்தில் ஒரு பகுதிக்கு, எங்கோ ஒரு வளவில் செத்துக்கிடந்த ஏ-40 ஒன்றின் பம்ப் வந்து பொருத்தப்பட்டது. புகை அப்படியே இருந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஓர் ஒற்றை வீதியில் நகர்ந்த அந்த இரவைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வண்டிக்குள் நடக்கமாட்டாத பாட்டியாரும், அயல்வீட்டுக் கர்ப்பிணி ஒருவரும், மூன்று சிறுவர்களும் இருந்தனர். நான் பக்கத்தில் நடந்தேன். வண்டியும் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மழை பெய்தது.

ஓடும் காருக்கு எதிர்க்காற்று ரேடியேற்றரைக் குளிர்விக்கும். ஊரும் காருக்குக் காற்றாடி ஒன்றே துணை. அந்தக் காற்றாடி பொருத்தப்பட்டிருப்பது தண்ணீர்ப் பம்பின் தண்டில். பம்ப் போனால் நீரோட்டமும் போகும், காற்றும் போகும். அன்றிரவு கொதித்து நின்றுபோன வண்டிகளை வழிநெடுகக் கண்டேன். எங்களுடையது புகை கக்கியபடியே விடிந்தபின் தென்மராட்சியைச் சேர்ந்தது. பம்பில் ஒரு துளி ஒழுக்குக் கூட இல்லை.

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1996 ஏப்ரலில் ஊர் திரும்பினோம். அந்தக் கராஜ்காரர் திரும்பவில்லை. குடும்பத்தோடு வன்னிக்குப் போனதாகச் சொன்னார்கள். மறுவருடம் பாகங்கள் சிறிது சிறிதாகக் கிடைக்கத் தொடங்கியதும், புகையைச் சகியாத நான், தந்தையாரின் சொல்லையும் கேளாமல், வேறொருவரைக் கொண்டு புதிய ரிங்குகளைப் போடுவித்தேன். சிலிண்டரைக் கடையவில்லை. சில வாரங்கள் புகையின்றி ஓடியது. பின்னர் ஒரு ரிங் உடைந்து சிலிண்டரை உழுதுவிட்டது. பொருத்தியவரைக் குறை சொல்லமாட்டேன், அவசரப்படுத்தியவன் நான்.

எஞ்சினைப் பிரித்தபோது பிஸ்டனின் தலையில் கரியைச் சுரண்டிப் பார்த்தோம். 40 என்றிருந்தது. கடைசிப் படி. முந்திய தீர்மானங்கள் எல்லாம் அந்த ஓர் எண்ணில் அடங்கியிருந்தன. குழல் அடிக்கும் வசதி அன்று எங்களுக்குக் கிட்டவில்லை. வண்டி வேப்பமரத்தின் கீழ் நின்றது. காபரேற்றர் ஒருவருக்குப் போயிற்று; டைனமோ இன்னொருவருக்கு. தண்ணீர்ப் பம்ப் மூன்றாவது காரொன்றுக்குப் போனது.

2002இல் ஏ-9 பாதை திறந்ததும் யப்பான் வாகனங்கள் வந்து குவிந்தன. இன்று எஞ்சியுள்ள ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மெருகேற்றப்பட்டுக் கலியாண ஊர்வலங்களில் படத்துக்கு நிற்கின்றன. அவற்றை ஓட வைத்த அறிவை எவரும் எழுதி வைக்கவில்லை. அது கராஜ்காரர்களின் விரல்களில் இருந்தது. அவர்களிற் பலர் இன்றில்லை.

பையனின் பட்டியலுக்கு வருவோம். ஒரு தாளை இரண்டாக மடிக்கச் சொன்னேன். பழுதானால் தான் மட்டும் பழுதாகிறவை ஒரு பக்கம்; சொல்லாமல் போய், போகும்போது மற்றவற்றையும் கொண்டு போகிறவை மறுபக்கம். எது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதவற்றைப் பழைய மெக்கானிக் ஒருவரிடம் கேட்டு எழுதினோம். தண்ணீர்ப் பம்பும் பெல்ற்றும், வெடித்திருந்த றப்பர்த் தண்ணீர்க் குழாய்களும், தேமோஸ்ரற்றும் மறுபக்கத்தில் முதலில் வந்தன. அவற்றை மாற்றினான். வால்வ் மூடியில் இலேசான எண்ணெய்க் கசிவு இருக்கிறது; அதை இப்போதைக்கு விட்டிருக்கிறான்.

வாரம் ஒருமுறை எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். முகர்ந்தும் பார்க்கச் சொன்னேன். ஏனென்று கேட்டான். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.