அளவுகோலும் தொலைநோக்கியும்

நாடுகளை ஒப்பிட்டுப் படிப்பதை அப்பாவித்தனமான அறிவுச் செயல்பாடாக நினைத்துக்கொள்கிறோம். 'ஒப்பியல் அரசியல்' துறையின் வரலாற்றைக் கொஞ்சம் கிளறினாலே இந்த நினைப்பு கலைந்துவிடும். பாடநூல்காரர்கள் அரிஸ்டாட்டிலிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 1954. அமெரிக்காவின் சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் கேப்ரியல் ஆல்மண்ட் தலைமையில் இதற்கென்று ஒரு குழுவை அமைத்த ஆண்டு. காலனிகள் விடுதலையாகிக்கொண்டிருந்தன, கெடுபிடிப் போர் நடந்துகொண்டிருந்தது. புதிய நாடுகள் எந்தப் பக்கம் சாயும் என்ற கவலைக்கு 'அரசியல் வளர்ச்சி' என்று கௌரவமான பெயர் ஒன்று கிடைத்தது.

ஆல்மண்டும் சிட்னி வெர்பாவும் 1963இல் வெளியிட்ட 'குடிமைப் பண்பாடு' நூலுக்காக அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, மெக்சிகோ ஆகிய 5 நாடுகளில் ஏறக்குறைய 5,000 பேரைப் பேட்டி கண்டார்கள். ஜனநாயகம் நிலைக்க எந்த மாதிரி மனோபாவம் வேண்டும் என்பது கேள்வி. பிரிட்டன், அமெரிக்கா மாதிரி என்பது பதில். கேள்வி கேட்டவர் வீட்டிலேயே பதிலும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். மெக்சிகோவில் 10,000 பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களில் மட்டுமே பேட்டி நடந்தது. 1910இல் தொடங்கிய புரட்சியில் நிலத்துக்காக ஆயுதம் தூக்கிய கிராமங்களை விட்டுட்டு ஒரு 'தேசியப் பண்பாடு' தயாராகிவிட்டது!

நம் இடதுசாரி விவாதங்களும் இதற்கு விலக்கல்ல. பிரான்சில் நடந்தது இங்கே ஏன் நடக்கலை என்று கேட்கும்போது நாமும் அதே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறோம். இல்லாததைப் பட்டியலிடுகிறோம்; இருப்பது கண்ணில் படுவதில்லை.

1963இல் ஆல்மண்டுக்குப் பின் அந்தக் குழுவின் தலைமைக்கு வந்த லூசியன் பை, பின்தங்கிய நாடுகளில் ராணுவம் நவீனமயமாக்கும் சக்தியாக இருக்க முடியும் என்று ஏற்கெனவே எழுதியிருந்தவர். 1965-66இல் இந்தோனேசிய ராணுவமும் அதன் துணைக்குழுக்களும் லட்சக்கணக்கான கம்யூனிஸ்டுகளையும் ஆதரவாளர்களையும் கொன்று குவித்தன. ஒன்றால்தான் மற்றது விளைந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் எதை 'வளர்ச்சி' என்று எண்ணத் துறை பழக்கியிருந்தது என்பதைக் கவனிக்கணும்.

இதே இந்தோனேசியாவிலிருந்துதான் வேறொரு ஒப்பீடும் கிளம்பியது. 1963இல் ஜகார்த்தாவில் சுகர்ணோ பேசிய பேச்சொன்றை ஆய்வு மாணவரான பெனடிக்ட் ஆண்டர்சன் ஓர் ஐரோப்பிய ராஜதந்திரிக்கு மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹிட்லரை எந்தப் பதற்றமும் இல்லாமல், தேசியவாதிகளில் ஒருவராகக் குறிப்பிட்டுவிட்டுப் போகிறார் சுகர்ணோ. ராஜதந்திரிக்கு அதிர்ச்சி. ஆண்டர்சனுக்கோ தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்து ஐரோப்பாவைப் பார்த்த மாதிரி தலைசுற்றல். சுகர்ணோவின் அலட்சியத்தை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் ஐரோப்பா அங்கே அளவுகோலாக இல்லை, தூரத்தில் சின்னதாகத் தெரியும் ஒரு இடமாக இருந்தது.

1966 ஜனவரியில் ரூத் மெக்வேயோடு சேர்ந்து, கம்யூனிஸ்ட் கட்சிதான் சதியை வகுத்தது என்ற ராணுவத்தின் கதையை மறுத்து ஆண்டர்சன் ஓர் அறிக்கை எழுதினார். 1972இலிருந்து இந்தோனேசியாவுக்குள் நுழைய அவருக்குத் தடை. சுகார்த்தோ 1998இல் வீழும்வரை அது நீடித்தது. கதவு சாத்தப்பட்ட பிறகுதான் தாய் மொழி கற்றுக்கொண்டு சயாமுக்குப் போனார். பிறகு பிலிப்பைன்ஸ், ஹோசே ரிசாலை வாசிக்க ஸ்பானிஷ். 1887இல் வெளிவந்த ரிசாலின் நாவலில், ஐரோப்பாவிலிருந்து திரும்பிய நாயகன் மணிலாவின் தாவரவியல் தோட்டத்தைப் பார்க்கிறான். அங்கே பார்த்த தோட்டங்கள் குறுக்கே வந்து நிற்கின்றன. இந்த இரட்டைப் பார்வையை ரிசால் ஒரு பேயாகவே கண்டார். சொந்தத் தோட்டத்தைத் தனியாகப் பார்க்க அவனால் அதற்குமேல் முடிவதில்லை.