இன்ஜின் வேலை முடிந்தும் டீசல் காரில் புகையா? நிறத்தோடு நேரத்தையும் கவனிங்க

இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்து, கார் கைக்கு வந்தாச்சு. பில்லும் கட்டியாச்சு. கரோல் பாக் சந்துக்குள்ளிருந்து புசா ரோட்டில் ஏறி, மெட்ரோ தூண்களை ஒட்டி முதல் சிக்னலில் நிற்கிறீர்கள். பச்சை விழுந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்னால் வருகிற பைக்காரர் முகத்தில் புகை. மிஸ்திரிக்கு போன் போட்டால், "சலாவோ, டீக் ஹோ ஜாயேகா" என்கிறார். ஓட்டுங்க, சரியாகிடும் என்று அர்த்தம்.

சில சமயம் அது உண்மைதான். ஆனால் எந்தப் புகை ஓட ஓடச் சரியாகும், எது சரியாகாது என்பதை மிஸ்திரி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. டெல்லியில் பழைய டீசல் கார் வைத்திருப்பவருக்கு இது கூடுதலாக முக்கியம். இன்னொரு தடவை பணத்தைக் கொட்டுவதா, வேண்டாமா என்ற முடிவும் இதில் இருக்கிறது.

நடந்தது என்ன வேலை?

நிறத்தைப் பார்ப்பதற்கு முன் பில்லைப் பாருங்கள். பிஸ்டன் ரிங் மாற்றி, போர் ஹோனிங் செய்திருந்தால், புது ரிங் சிலிண்டர் சுவரோடு பொருந்தும் வரை கொஞ்சம் ஆயில் எரியும். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை லேசான நீலப் புகைக்குப் பொறுமை காட்டலாம். அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். டர்போ பழுதாகி மாற்றியிருந்தால், பழைய ஆயில் இன்டர்கூலரிலும் சைலன்சரிலும் தேங்கியிருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யாமல் மாட்டினால், அந்த ஆயில் எரிந்து தீரும் வரை புகை வரும். ஹைவேயில் ஓரிரு மணி நேரம் ஓடினால் தெளிந்துவிட வேண்டும்.

வெறும் ஹெட் கேஸ்கட், இன்ஜெக்டர், டைமிங் செயின் வேலை மட்டும் நடந்திருந்தால் "செட் ஆகணும்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

கறுப்புப் புகை: டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு

மிதிக்கும்போது மட்டும் கறுப்பு வந்து, கூடவே பிக்கப்பும் இல்லையா? முதல் சந்தேகம் காற்றுப் பாதை மேல் விழ வேண்டும். வேலையின்போது கழற்றிய டர்போ ஹோஸ் திரும்ப மாட்டுகையில் கிளாம்ப் சரியாக உட்காராமல் போவது சகஜம். மிதித்தால் 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும், ஹோஸ் மூட்டில் ஆயில் கசிந்த தடம் இருக்கும். ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் காற்று அளவி சென்சாரின் பிளக் மாட்டியிருக்கிறதா, ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நிற்கிறதா என்பது அடுத்தது. இதெல்லாம் அரை மணி நேர வேலை.

அதிகம் தவறவிடப்படுவது இன்ஜெக்டர் கோடு. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல கார்களில் ஓடிய ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் உட்பட, இங்கே ஓடும் பழைய டீசல் கார்களில் பெரும்பாலானவை காமன் ரெயில் வகை. இவற்றில் பல மாடல்களில், ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசல் தெளிக்கும் என்பதற்கான கோடு அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அது இன்ஜினின் கம்ப்யூட்டரிலும் பதிவாகியிருக்க வேண்டும். புது இன்ஜெக்டர் போட்டும் கோடு ஏற்றவில்லை, அல்லது பழையதையே சிலிண்டர் மாற்றி மாட்டிவிட்டார்கள் என்றால் கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போடும். விளைவு கறுப்புப் புகை, ஐடிலில் உதறல். ஸ்கேனர் இருக்கும் கடையில் இது பெரிய விஷயமே இல்லை. ஸ்கேனரே இல்லாத கடையில் காமன் ரெயில் இன்ஜினைப் பிரிக்கக் கொடுப்பது, என்னைக் கேட்டால், முதல் தப்பு.

நீலப் புகை: ஆயில் எரிகிறது

இங்கே நேரம்தான் துப்பு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குபீர், அப்புறம் ஒன்றுமில்லை என்றால், வால்வு சீல் வழியாக ராத்திரி ஆயில் இறங்கியிருக்கிறது. டர்போ பூஸ்ட் ஏறும்போது வந்தால் டர்போ சீலைச் சந்தேகிக்கலாம். எந்நேரமும் வந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கிருந்தும் புகை தள்ளினால் ரிங் பிடிக்கவில்லை. டெல்லி மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரெஷன்' என்பது இதைத்தான். அப்போது கம்ப்ரெஷன் டெஸ்ட் கேளுங்கள். நான்கு சிலிண்டரின் அளவும் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் டிப்ஸ்டிக். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் நீலப் புகை வரும். குச்சியில் அளவு நாளுக்கு நாள் *ஏறி*, டீசல் வாடையும் அடித்தால் டீசல் ஆயிலில் கலக்கிறது. வண்டியை நிறுத்திவிடுங்கள்.

ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். டர்போ சீல் முழுக்கப் போனால் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, தானாக ஆர்.பி.எம். ஏறிக்கொண்டே போகும். சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் கார் என்றால் வண்டியை நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் கிளட்சை விட்டு இன்ஜினை அடைத்து நிறுத்த வேண்டும்.

வெள்ளைப் புகை: ஆவியா, டீசலா?

டெல்லி ஜனவரிக் காலையில் எல்லா வண்டியும் வெள்ளையாக மூச்சு விடும். இன்ஜின் சூடானதும் மறைந்தால் அது தண்ணீர் ஆவி. சூடான பிறகும் தொடர்ந்து, கூலண்ட் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட், ஹெட் விரிசல், ஈ.ஜி.ஆர். கூலர் மூன்றில் ஒன்று. லேத்தில் ஹெட் ஃபேசிங் செய்தார்களா என்று கேளுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள்.

டீசல் வாடையோடு கண் எரிந்தால், ஒரு சிலிண்டரில் எரிதல் நடக்கவில்லை. குளிரில் மட்டும் என்றால் குளோ பிளக். சென்னையில் வருஷம் முழுக்கத் தெரியாமலே இருந்த குளோ பிளக் கோளாறு டெல்லிக் குளிரில் முதல் வாரமே காட்டிக்கொடுத்துவிடும். வெயிலிலும் தொடர்ந்தால் டைமிங் பல் தள்ளி மாட்டியிருக்கலாம்.

பி.யு.சி. பாஸ் ஆனால் போதாதா?

டீசலுக்கான சோதனையில், நிற்கும் வண்டியில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளப்பார்கள். பி.எஸ்.-4 காருக்கு வரம்பு 1.62, அதற்கு முந்தையவற்றுக்கு 2.45. கறுப்புப் புகை இதில் நன்றாக மாட்டும். காலையில் மட்டும் வரும் நீலப் புகை, இன்ஜின் சூடான பிறகு நடக்கும் இந்தச் சோதனையில் தப்பிவிடும். ஆகவே சர்டிஃபிகேட் இருப்பதால் இன்ஜின் நலம் என்று அர்த்தமில்லை. இல்லாவிட்டாலோ 10,000 ரூபாய் வரை அபராதம்.

இன்னொரு தடவை பிரிப்பதற்கு முன்

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் 10 வயது தாண்டிய டீசல் வாகனங்களை டெல்லி தலைநகர் பகுதியில் தடை செய்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை வழிமொழிந்தது. 2025 ஜூலை 1 முதல் பெட்ரோல் பங்கில் எரிபொருள் கிடையாது என்ற உத்தரவு சில நாட்களிலேயே தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 17 அன்று அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய வாகனங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. இத்தனை முறை மாறிய விஷயம் என்பதால், செலவு செய்யும் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஸ்.-4 டீசல் காருக்கும் குளிர்காலத்தில் காற்று மோசமாகி மூன்றாம் நிலைக் கட்டுப்பாடு வந்தால் ஓட்டத் தடை உண்டு.

ஊரிலிருந்து கார் கொண்டுவந்தவர்களுக்கு இதில் ஒரு சிக்கல். பி.எஸ்.-4 டெல்லி, சென்னை போன்ற நகரங்களுக்கு 2010-லேயே வந்துவிட்டது. நாடு முழுக்கக் கட்டாயமானது 2017 ஏப்ரலில்தான். அதனால் மதுரையிலோ திருநெல்வேலியிலோ 2012-ல் பதிவான கார் பி.எஸ்.-3 ஆகவும் இருக்கலாம். ஆர்.சி.யில் இல்லாவிட்டால் எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி எண் போட்டுப் பாருங்கள். பி.எஸ்.-3 என்று வந்தால், மிஸ்திரியிடம் போவதற்கு முன் என்.ஓ.சி. வாங்கி ஊருக்கே கொண்டுபோக முடியுமா என்று ஆர்.டி.ஓ.வில் விசாரித்துவிடுங்கள்.