யோஷிதா ஹிரோஷியும் பல தேசத்து ஒளியும்

1876ஆம் ஆண்டில் ஜப்பானின் குருமே நகரில் பிறந்து, 1899இல் நீர்வண்ணச் சித்திரங்களோடு அமெரிக்கா சென்று புகழ்பெற்ற யோஷிதா ஹிரோஷி, மரப்பலகை அச்சுக்கலையை முழுமனத்தோடு மேற்கொண்டது ஏறக்குறைய ஐம்பது வயதை எட்டும் தறுவாயிலேதான். வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர், இவர்களை ஆட்டிவைக்கும் பதிப்பாளர் ஒருவர் என்பதே ஜப்பானில் அக்கலைக்கு வழிவழி வந்த சம்பிரதாயம். 1923ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் அம்முறையில் அதுவரை தம் அச்சுகளை வெளியிட்டுவந்த பதிப்பாளர் வதனபேயின் கடையோடு தம் பலகைகளும் எரிந்துபோக, 1925 முதல் சொந்தப் பட்டறை அமைத்து, தாமே உளி பிடித்துச் செதுக்கிப் பழகி, தம் நேர்ப்பார்வையில் வந்த பிரதிகளின் ஓரத்தில் ‘ஜிசுரி’ என்னும் முத்திரையிட்டார்.

அவர் கலைக்கு ஆதாரமாக நின்றது காகிதம். கோசோச் செடியின் உட்பட்டையை வேகவைத்து அடித்து நாராக்கி, வெண்டையின் இனத்ததாகிய தொரொரோ-அவோய் வேரின் வழுவழுப்பான சாறு கலந்த நீரில் இட்டு, மூங்கில் சல்லடையால் அள்ளி எடுக்கும் அக்காகிதம், பசையும் படிகாரமும் பூசி ஈரமாக்கப்பட்ட நிலையில், மூங்கில் மடல் போர்த்திய வட்டத் தேய்ப்பானின் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் தாங்கும். வண்ணம் மேலே படியாமல் நாருக்குள் ஊறும். 1937இல் அவர் அச்சிட்ட நிக்கோ ஆலயத்து யோமெய் வாயிலின் சித்திரம் 96 முறை பலகையில் ஒற்றி எடுக்கப்பட்டதென்றால், அந்தக் காகிதத்தின் பொறுமையை என்னென்பது! 1926இல் ஒரே தொகுதிப் பலகைகளைக் கொண்டு, வண்ணத்தை மட்டும் மாற்றி, பாய்மரப் படகுகளைக் காலை, மாலை, மூடுபனி, இரவு என வெவ்வேறு பொழுதுகளில் காட்டினார்.

இப்பயிற்சியோடுதான் 1930ஆம் ஆண்டின் இறுதியில், மூத்த புதல்வர் தோஷியையும் அழைத்துக்கொண்டு பாரதநாட்டுக்குப் புறப்பட்டார். தாஜ்மகாலைப் பகலிலும் இரவிலுமாகப் பலமுறை அச்சிட்டார். காசியின் படித்துறையும், சாஞ்சியின் தோரணமும், அமிர்தசரஸின் பொற்கோயிலும், நம் மதுரைப் பெருங்கோயிலும் அவர் பலகைகளில் இடம்பெற்றன. அயல்நாட்டைக் காட்சிப்பொருளாக்கும் யாத்திரிகச் சித்திரங்கள் அக்காலத்தில் மலிந்திருந்தன. அவற்றினின்று இவரை வேறுபடுத்துவது, ஒவ்வோர் இடத்தின் பொழுதையும், தம் நாட்டு மலைகளைப் பார்த்த அதே சிரத்தையோடு பார்த்தமையே என்பது என் துணிபு. ஃபூஜி மலைக்கு ஒரு நியாயமும் கஞ்சன்ஜங்காவுக்கு ஒரு நியாயமும் அவரிடம் இல்லை.

1950இல் ஹிரோஷி மறைந்தார். இளைய புதல்வர் ஹோதகா, 1955இல் மெக்சிகோவில் பண்டைய மாயா இனத்தாரின் கலையைக் கண்டு உள்ளம் பறிகொடுத்து, தந்தையார் விரும்பாத அரூபச் சித்திர நெறியிலேயே அத்தேசத்தைப் பலகையில் செதுக்கலானார்.