கைதியைக் கொண்டு நிலம் பிடித்தல்: அந்தமானும் கொக்கிளாய் எல்லையும்

போர்ட் பிளேரிலுள்ள செல்லுலார் சிறைக்குச் செல்லும் பயணிக்குக் காட்டப்படுவது தண்டனையின் வரலாறு. 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட ஏழு கட்டடக் கிளைகளில் எஞ்சிய மூன்று, தூக்குமேடை, கைதிகள் இழுத்த செக்கு, இரவில் ஒலி-ஒளிக் காட்சி. 1979இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தத் தீவில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது 1858 மார்ச்சில். சிறையின் அத்திவாரம் இடப்படுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்னர். அந்த நாற்பது ஆண்டுகளில் கைதிகள் காடு வெட்டினார்கள், பாதை போட்டார்கள், வயல் திருத்தினார்கள். வெட்டப்பட்ட காடு அந்தமானியப் பழங்குடிகளுடையது. தண்டனைக் குடியேற்றத்தின் முதல் வேலை தண்டிப்பதன்று, நிலம் எடுப்பது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த வேலையைச் சரியாக விளங்கிக்கொள்ள ஈழத் தமிழ் வாசகர் வங்காள விரிகுடாவைக் கடக்க வேண்டியதில்லை. கொக்கிளாய்க் களப்புக்கு மேற்கே, நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டோரம் வரை போனால் போதும்.

கொக்கிளாய் முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கிழக்கு அந்தலை. களப்பின் வடகரை வட மாகாணம். தென்கரையில் புல்மோட்டை, கிழக்கு மாகாணம். ஆழம் குறைந்த பரந்த நீர்ப்பரப்பும் பறவைக் கூட்டமும் உள்ள இடம். 1951இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சோழகம் பெயர்ந்து மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இக்கரைக்கு வந்து வாடி அடித்துத் தொழில் செய்வதும், வாடைக்கு முன் திரும்பிப் போவதும் நெடுங்கால வழக்கம். வருவோரும் இருப்போரும் கரைவலைப் பாடுகளுக்காகப் பிணங்கியதுண்டு. ஆயினும் காற்றின் கணக்கில் வந்துபோகும் மக்களோடு ஊர் வாழப் பழகியிருந்தது. இதைச் சொல்லக் காரணம் உண்டு: 1984இல் இங்கு நேர்ந்த கொலைகளையும் துரத்தலையும் இரு இனங்களின் பழம்பகை என்று விளக்குவோர், அரசு என்ற மூன்றாவது கையை மறைக்கிறார்கள்.

அந்தக் கையின் வேலையைக் கென்ட் பாம், டொலர் பாம் என்று இன்றும் ஊரார் சொல்லும் இரண்டு பண்ணைகளில் தெளிவாகக் காணலாம். தனியார் கம்பனிகளுக்குப் பெருந்துண்டுகளாகக் குத்தகைக்கு விடப்பட்ட வன்னிக் காணிகளில் இவையும் அடக்கம். 1977 வன்செயலில் வீடிழந்த மலையகத் தமிழர்கள் வன்னிக்கு வந்தபோது, காந்தியம் போன்ற தொண்டு அமைப்புகளின் துணையோடு இப்பகுதி எங்கும் குடியிருத்தப்பட்டார்கள். இந்தப் பண்ணைகளிலும் குடும்பங்கள் அமர்ந்தன. தோட்டத்து லயன் அறையைத் தவிர வேறு வீடறியாதவர்கள், முதன்முறையாகத் தமக்கென்று மண் கொத்தினார்கள். காந்தியத்தின் முன்னணித் தொண்டர் டொக்டர் இராஜசுந்தரம் 1983இல் கைதாகி, அந்த ஆண்டு யூலை 27ஆந் திகதி வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு பண்ணைகளிலிருந்த மலையகக் குடும்பங்கள் பொலிசாரால் வெளியேற்றப்பட்டன. காலியான காணி திறந்தவெளிச் சிறை முகாமாயிற்று. சிங்களக் கைதிகள், பலர் தம் மனைவி மக்களோடு, அங்கே கொண்டுவந்து அமர்த்தப்பட்டார்கள்.

திறந்தவெளிச் சிறை என்பது தன்னளவில் பிழையான ஏற்பாடன்று. பல்லேகலையிலும் அத்தகைய முகாம் உண்டு. கம்பிக்குள் அடைபட்டவனை மண்ணில் வேலை செய்ய விட்டு, குடும்பத்தோடு சேர வாய்ப்புத் தந்து, ஊருக்குத் திரும்பத் தயாராக்குவது நல்ல நோக்கமே. நெடுங்கேணிக் காட்டோரத்தில் அந்த நோக்கம் திரிந்தது. கைதி திரும்பிப் போவதற்காக அங்கே கொண்டுவரப்படவில்லை, தங்குவதற்காகவே கொண்டுவரப்பட்டான். அவனுக்குக் கொடுக்கப்பட்டது அகதியிடமிருந்து பறித்த காணி. அது கிடந்த இடமோ வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் தமிழ் ஊர்த்தொடர். அந்தத் தொடரை அறுக்கும் எண்ணம் அக்காலக் குடியேற்றத் திட்டங்களில் இருந்தது என்பதை, அவற்றில் நேரே பங்கெடுத்த மலிங்க குணரத்ன பின்னர் தாமே ஒரு நூலாக எழுதினார். 1988இல் இப்பண்ணைகள் அடங்கிய மணலாற்றுப் பகுதி வெலி ஓயா என்ற பெயரில் மகாவலித் திட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. சாதாரண விவசாயி துணிந்து வர மறுக்கும் எல்லைக்கு, மறுக்க வழியற்ற கைதியே முதலில் அனுப்பப்பட்டான்.

முகாமிலிருந்தவர்களால் அயற்கிராமத் தமிழர்கள் துன்புறுத்தப்பட்டதையும் பெண்களுக்குக் கொடுமை இழைக்கப்பட்டதையும் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் (யாழ்ப்பாணம்) பதிந்திருக்கிறது. 1984 நவம்பர் 30ஆந் திகதி விடுதலைப் புலிகள் இரு பண்ணைகளையும் தாக்கினார்கள். கொல்லப்பட்டோர் 62 பேர் என்பது பெரும்பாலான பதிவுகளின் கணக்கு. பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். மறுநாள் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் சிங்கள மீனவக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. டிசம்பர் 2ஆந் திகதி ஒதியமலையில் படையினர் 32 தமிழ் ஆண்களைக் கொன்றார்கள்; பண்ணைத் தாக்குதலோடு அவர்களுக்கு ஒரு தொடர்பும் இல்லை. அதே மாதம் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, களப்பின் மேற்தலையிலுள்ள தென்னமரவடி ஆகிய ஊர்களின் தமிழர் அடியோடு துரத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊர் மண்ணை மறுபடி மிதிக்கப் போர் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது வயல் பலருக்கு இல்லை. அனுமதிப்பத்திரம் வேறொருவர் பெயரில் இருந்தது.

கைதிகளையும் அவர்தம் குழந்தைகளையும் கொன்றதை நியாயப்படுத்த எனக்குச் சொல் இல்லை, தேடவும் மாட்டேன். குடியேற்றத்தின் கருவியாக்கப்பட்டவன் அந்தக் குடியேற்றத்தின் கர்த்தா ஆகிவிடுவதில்லை. அவனுடைய குழந்தை எதற்கும் பொறுப்பல்ல. தமிழ் எழுத்துகள் பலவற்றில் நவம்பர் 30 ஒரு வரியில் கடந்துபோக, டிசம்பர் 2 விரிவாகப் பேசப்படுகிறது. சிங்கள, ஆங்கில எழுத்துகளில் நவம்பர் 30 முழுக் கதையாக, அதற்கு முன் வெளியேற்றப்பட்ட மலையகக் குடும்பங்களும் பின் கொல்லப்பட்ட ஒதியமலையாரும் காணாமற் போகிறார்கள். இரு பக்கமும் கதையைத் தமக்கு வசதியான திகதியில் தொடங்குகின்றன. காணியிலிருந்து தொடங்கினால் இந்த வசதி இருவருக்கும் கிடையாது.

இங்கேதான் அந்தமான் ஒப்பீடு பயன்படுகிறது. 1859 மே மாதம் அந்தமானியர் அபர்தீன் என்ற இடத்தில் தண்டனைக் குடியேற்றத்தைத் தாக்கினார்கள். 1857 எழுச்சிக்காக நாடு கடத்தப்பட்ட தூத்நாத் திவாரி என்ற கைதி முன்னர் முகாமிலிருந்து தப்பி, அந்தமானியரிடையே ஓராண்டுக்கு மேல் வாழ்ந்திருந்தார். தாக்குதல் செய்தியை ஆங்கிலேயரிடம் சொன்னவர் அவரே. அதற்கு ஈடாக மன்னிப்பும் பெற்றார். பேரரசை எதிர்த்துப் போரிட்டு விலங்கு பூண்ட ஒருவர், தன்னை ஏற்றுக்கொண்ட மக்களின் நிலம் பறிபோகத் துணையானார். கொடியவர் என்று அவரைத் தள்ளிவிடுவது எளிது. அவரை அந்த நிலையில் நிறுத்திய ஏற்பாட்டைப் பார்ப்பதே ஆய்வாளர் வேலை. பல்லாயிரமாய் இருந்த பெரிய அந்தமானியர் 1961 கணக்கெடுப்பில் 19 பேர். அபர்தீன் போருக்கு ஒரு நினைவுத்தூண் உண்டு. ஆனால் செல்லுலார் சிறையைப் பார்த்து வெளியே வரும் கூட்டத்தில் எத்தனை பேர் அதைத் தேடிப் போகிறார்கள்?

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நியூ கலிடோனியாவிலும் இதுவே நடந்தது. 1864 முதல் 1897 வரை அங்கே கைதிகள் அனுப்பப்பட்டார்கள். தண்டனை முடித்தோருக்குக் கனாக் பழங்குடியின் நிலம் துண்டுபோட்டுக் கொடுக்கப்பட்டது. 1878இல் கனாக்குகள் அத்தாயி என்ற தலைவரின் கீழ்க் கிளர்ந்தார்கள். பாரிஸ் கொம்யூன் எழுச்சியில் போரிட்டு அங்கு நாடு கடத்தப்பட்டிருந்தவர்களில் பலர் கிளர்ச்சியை ஒடுக்கும் பக்கம் நின்றார்கள். அவர்களைப் போலவே நாடு கடத்தப்பட்டிருந்த லூயிஸ் மிஷேல் கனாக்குகளின் பக்கம் நின்றார். அத்தாயியின் மண்டையோடு பிரான்சிலிருந்து அவருடைய மக்களிடம் திரும்பியது 2014இல். கைதிக்கும் தெரிவு இருந்தது என்பதற்கு மிஷேல் சாட்சி. அந்தத் தெரிவு எவ்வளவு அரிது என்பதற்கும் அவரே சாட்சி.

இலங்கையில் சிறையைக் காட்சிப்பொருளாக்கிய இடம் கொக்கிளாயிலிருந்து தொலைவில், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் ஹமென்கீல் கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கோட்டையில், 1971 கிளர்ச்சிக்குப் பின் அதன் தலைவர் றோகண விஜேவீர அடைக்கப்பட்டிருந்தார். இன்று கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. கடலழகு பார்த்துச் சாப்பிட்டுத் திரும்பும் விருந்தினருக்கு அச்சுவர்களின் கதை சிறு குறிப்பாகவே எட்டும். கென்ட், டொலர் பண்ணைகளுக்கு அந்தச் சிறு குறிப்பும் இல்லை. அங்கே போகிறவர் காண்பது சாதாரண வயலும் வீடும் வீதியும். குடியேற்றம் வெற்றிபெற்ற இடத்தில் சிறை கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. நிலம் எடுப்பதே நோக்கமாயிருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பண்ணைக் காணியில் ஒரு தூண் எழுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. இன்றைய நிலையில் எந்தத் தூணும் ஒரு பக்கத்தின் தூணாகவே நிற்கும். தேவைப்படுவது ஆவணம். 2023 யூன் மாதம் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு யூலைக்குள் 52 எலும்புக்கூட்டுத் தொகுதிகள் எடுக்கப்பட்டன. அது பின்னாளைய போரின் கதை. ஆனாலும் இம்மண்ணில் உண்மை ஒரு குழாய் வேலையின் தற்செயலில் வெளிவரும் நிலை நம் எல்லாருக்கும் வெட்கக்கேடு.

1984ஆம் ஆண்டு வெளியேற்றப்பட்ட மலையகக் குடும்பங்களின் பட்டியல், பண்ணைகளின் குத்தகைப் பத்திரங்கள், அவற்றைச் சிறைச்சாலைத் திணைக்களத்துக்கு மாற்றிய கட்டளைகள், கொண்டுவரப்பட்ட கைதிகளின் பதிவேடு, அதன்பின் வழங்கப்பட்ட காணி அனுமதிப்பத்திரங்கள்: இவை அரச அலுவலகங்களிலேயே உருவானவை, அரசே காட்ட வேண்டியவை. 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டம் அதைக் கேட்க வழி தருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மாணவர்கள் அந்த விண்ணப்பங்களை எழுதட்டும். அன்று பண்ணையில் மண் கொத்திய தாய்மாரும், ஒதியமலையில் கணவரை இழந்தவர்களும், முகாமில் உயிர் தப்பிய கைதிகளின் பிள்ளைகளும் இப்போது முதுமையை நெருங்குகிறார்கள். அவர்களுடைய வாய்மொழியைத் தமிழிலும் சிங்களத்திலும் பதியும் வாய்ப்பு இந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும், இன்றே தொடங்குங்கள்.