நிறம் போய் குற்றம் வந்தது

1865-இல் அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது. அதே ஆண்டில் மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போட்டது: விடுதலையான கறுப்பர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ ரவையோ வைத்திருக்கக் கூடாது. நிறத்தைச் சொல்லியே எழுதினார்கள். 1868-இல் 14-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்த பிறகு அப்படி எழுத முடியவில்லை. அதனாலென்ன? 1876-இல் அங்கேயே பத்து டாலர் பெறுமான பன்றியைத் திருடினாலும் பெருங்குற்றம் என்றாக்கினார்கள். ஆள் அதே ஆள்தான், பேருதான் மாறிப்போச்சு. கைரேகைச் சட்டத்தைப் பார்த்த நமக்கு இது புதுசா என்ன?

1938-இல் மத்தியச் சட்டம் வன்முறைக் குற்றவாளிகளைத்தான் தடுத்தது. 1961-இல் தடை எல்லாப் பெருங்குற்றங்களுக்கும் விரிந்தது. மார்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட 1968-இல் வந்த சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றமாக இருந்தால் போதும். ஒருநாள்கூட உள்ளே இருந்திருக்க வேண்டியதில்லை. பெண்டாட்டியை அடிக்கிறவன் கையில் துப்பாக்கி இருக்கணும்னு நான் சொல்ல வரல. குற்றவாளின்னு யாரை எழுதுறாங்க என்பதே என் கேள்வி. பென்சில்வேனியாவில் ஒருவர் உணவு உதவிக்காக வருமானத்தைக் குறைச்சுச் சொன்னார். 1995-இல் தண்டனை. சிறை கிடையாது, நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும். துப்பாக்கித் தடை அவருக்குப் பொருந்தாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2023-இல், மறுபடியும் 2024-இல்.