மத்தும் கடைசல் பட்டறையும்

சரித்திரம் என்றால் ராஜாக்கள் கட்டிய கோட்டையும் போட்ட சண்டையுந்தான் என்று நினைப்பவர்கள், அடுக்களைத் தூணோரம் சாய்ந்து கிடந்த மத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

திட்டக்குடியில், வெள்ளாற்றங்கரையில் இருந்த என் அத்தை வீட்டில் அப்படி ஒரு மத்து உண்டு. தூணில் கட்டிய இரண்டு கயிற்று வளையங்களுக்குள் தண்டைச் செருகி, கடைகயிற்றைச் சுற்றி, அத்தை மாறி மாறி இழுப்பாள். தோள் வலித்தால் கயிறு என் கைக்கு வரும்.

"வெடுக்வெடுக்கென்று இழுக்காதேடா! சீராய் இழுத்தால்தான் வெண்ணெய் திரளும்" என்பாள்.

மத்தின் தலையில் வரிவரியாய்ப் பள்ளங்கள். அதைக் 'கடைசல் வேலை' என்றாள் அத்தை. மோருக்கும் கடைதல், மரத்துக்கும் கடைதலா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்தது தவறு. இரண்டும் ஒரே காரியந்தான். பழைய பட்டறையில் இரு முளைகளுக்கு நடுவே மரக்கட்டை. அதைச் சுற்றி ஒரு கயிறு. ஒருவர் கயிற்றை இப்புறமும் அப்புறமுமாய் இழுப்பார். கடைசற்காரர் தரையில் உட்கார்ந்து, காலால் உளியை அணைத்துக் கையால் செலுத்துவார். எகிப்தில், சுமார் கி.மு. 300-ல் அமைந்த பெட்டோசிரிஸ் என்ற குருவின் கல்லறைச் சுவரிலும் இதே காட்சிதான்: ஒருவன் வாரை இழுக்கிறான்; மற்றவன் உளி பிடிக்கிறான்.

ஒரே ஒரு வித்தியாசம். மத்து எப்பக்கம் சுழன்றாலும் மோரைக் கடையும். உளியோ, கட்டை தன்னை நோக்கி வரும்போதுதான் சீவும். திரும்பும் சுற்று வீண். வீணாகும் அந்தப் பாதியை மீட்கத்தான் ஒரே திசையில் ஓடும் சக்கரம் வந்தது. 1800-ஐ ஒட்டி, லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே உளியை இரும்புச் சட்டத்தில் பூட்டி, பிசகாத திருகாணிகளைக் கடைந்தார். பெரிய இயந்திரங்களின் காலத்துக்கு அது ஒரு வாசல்.

நம் பக்கத்தில், தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்துக் கடைசற்காரர்கள் மரச் சொப்புகளால் பேர் பெற்றார்கள். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும். தாழை மடலால் தேய்த்தால் பளபளக்கும். உரல், உலக்கை, குடம், மத்து என்று ஒரு முழுக் குடித்தனமே குழந்தையின் மடியில் வந்து விழும்.

பிறகு பட்டறையில் கயிறு இழுத்த கைக்கு மின்சார மோட்டார் ஓய்வு கொடுத்தது. அடுக்களையில் மிக்ஸி கொடுத்தது. இதற்காக நான் கண்ணீர் விடமாட்டேன். அத்தையின் தோள்வலி எனக்குத் தெரியும்.

அவள் காலமான பிறகு அந்த மத்து என்னிடம் வந்தது. கடைந்தவர் பெயர் அதில் இல்லை. ஆனால் தண்டின் நடுவே வழவழப்பாய் ஒரு பள்ளம் இருக்கிறது. முதலில் அதையும் உளி வேலை என்றே எண்ணினேன். விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அது பட்டறையில் விழுந்த பள்ளமல்ல. கயிறு ஓடி ஓடி விழுந்தது. அத்தை கடைந்தது.